மோதிரம் மாற்றியதும் செத்துப்போன உயில்

பத்திரம் எழுதுகிற தொழிலில் எங்களிடம் வருகிற எல்லோருக்கும் அவசரம்தான். உயில் எழுத வருகிறவர் மட்டும், “ஒண்ணும் அவசரமில்ல, சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவார்.

ஆனையூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், மழை பெய்தால் இருமுகிற ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலி. இருபத்திரண்டு வருடமாகப் பத்திர எழுத்தர். பெண்ணாக இருப்பதால் சிலர் உள்ளே எட்டிப் பார்த்து, “எழுத்தர் எப்ப வருவாரு?” என்று என்னிடமே கேட்பார்கள். வங்கியோ, ரேஷன் கடையோ, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களுக்குப் பதில் சொல்கிற வேலையில் இருக்கிறவர்கள் என் அவஸ்தையைப் புரிந்துகொள்வீர்கள். உயில் எழுதுவதைத்தான் ஜனங்கள் பெரிய காரியம் என்று நினைக்கிறார்கள். அதுவாவது பரவாயில்லை. எழுதியதை ரத்து செய்வதும், ரத்தானதைத் திரும்ப எழுப்புவதும்தான் எங்கள் பிராணனை வாங்குகிற வேலை.

தேவையில்லாத ஸ்டெப்

ஞானசெல்வம் சார் மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. மனைவியின் தங்கை மகள் ரூத்தை மூன்று வயதிலிருந்து அவர்கள்தான் வளர்த்தார்கள். முறைப்படி தத்து எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வளர்க்கிற அவசரத்தில் காகிதம் யாருக்கு ஞாபகம் வரும்? ரூத் வளர்ந்து, ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்து, அன்பு என்கிற பையனைக் கட்டிக்கொண்டு, அதே வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். அந்த வீட்டை அவள் பேருக்கு எழுதத்தான் சார் என்னிடம் வந்தார். உயில் என்று ஒன்று இல்லாவிட்டால் சட்டத்தின் கணக்கில் ரூத் யாரோ ஒரு பெண், ஒரு செங்கல்கூடக் கிடைக்காது.

நான் வழக்கம்போல ‘வளர்ப்பு மகள் ரூத்’ என்று அடித்து நீட்டினேன். சார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ‘வளர்ப்பு’ என்பதை ஒரே கோடாக அடித்தார். ஆள் யாரென்று தெளிவாக இருக்க வேண்டாமா என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அவள் யாருக்குப் பிறந்தவள், எப்போது இங்கே வந்தாள் என்பதையெல்லாம் வேறொரு வாக்கியத்தில் போட்டுக்கொள்ளலாம், உறவு என்று வருகிற இடத்தில் மகள் என்று மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சாதித்துவிட்டார். அப்படியே எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

போகும்போது சொன்னார்: “தேவையில்லாத ஸ்டெப் போட்டா நான் மார்க் கொறைப்பேன்மா. ‘வளர்ப்பு’ங்கிறது தேவையில்லாத ஸ்டெப்பு.”

ஊரே பார்த்த தீ

செல்லாண்டி அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி. இருக்கிற நிலத்தையெல்லாம் திருப்பூரில் இருக்கும் மூத்த மகன் பேருக்கு என்னிடம் உயில் எழுதியிருந்தார். பிற்பாடு, கூடவே இருந்து சோறு போடுகிற மகளுக்கும் பங்கு வேண்டும் என்று அவருக்கே புத்தி வந்தது. நல்ல புத்திதான். ஆனால் என்னிடம் வரவில்லை. சந்தை நாளில், டீக்கடை வாசலில், நாலு பேரைக் கூட்டி வைத்து உயிலைக் கொளுத்திவிட்டு, சாம்பலை ஒரு பொட்டலமாக மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். “ரத்து பண்ணிட்டேன் தாயி. இந்தா, அத்தாட்சி.”

உயிலை எழுதியவரே, ரத்து செய்கிற எண்ணத்தோடு எரித்தாலோ கிழித்தாலோ அது ரத்துதான். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. எனக்குச் சந்தேகம் தட்டியது வேறு இடத்தில். ஒரிஜினலை மகன் பத்திரமாக வைத்திருப்பதாக முன்பு ஒருமுறை அவரே சொல்லியிருந்தார். மகனுக்குப் போன் போட்டால், உயில் திருப்பூரில் பீரோவுக்குள் சௌக்கியமாக இருக்கிறது. இவர் கொளுத்தியது கலர் ஜெராக்ஸ். சீல் ஊதாவாகத் தெரிந்ததால் அதுதான் அசல் என்று நினைத்திருக்கிறார்.

நகலை எரித்தால் எதுவும் ஆகாது, ரத்து என்று தனியாக எழுதி இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் புது உயிலே எழுதிவிடலாம் என்று சொன்னேன். இனி விதைக்கப் போகிற சோளத்தை அறுத்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என் மேஜையிலேயே வைத்துவிட்டு, வாசலில் நின்று சொன்னார்: “எரிச்சப்ப எம்புட்டுப் பேரு பாத்தாக தெரியுமா? ஊரே பாத்துச்சு தாயி. ஒரிஜினல் மட்டுந்தான் பாக்கல.”

செல்லோ டேப்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருக்கும் முத்துலட்சுமி அக்கா ஒரு நாள் பிளாஸ்டிக் பையைப் பிரித்து என் மேஜையில் கொட்டினார். அத்தனையும் துண்டு துண்டாகக் கிழிந்த பத்திரத் தாள்கள். பாதியைச் செல்லோ டேப் போட்டு ஒட்டியும் விட்டிருந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து எழுதிய உயில். மருமகளோடு சண்டை, கோபத்தில் கிழித்தாயிற்று. கோபம் தணிந்ததும் டேப்பைத் தேடியிருக்கிறார்.

“இது அசல்தானே?” என்று முதலில் கேட்டேன். செல்லாண்டி அண்ணன் புண்ணியத்தில் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அசல்தானாம். செல்லாமல் போகட்டும் என்று நினைத்துத்தான் கிழித்தாராம். அப்படியானால் உயில் போனது போனதுதான் அக்கா, ஒட்டினால் தாள் சேரும், உயில் சேராது என்றேன். அந்த உயில் வேண்டுமென்றால் அதை மறுபடி முறைப்படி கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்து எழுப்ப வேண்டும். இந்தக் கந்தலில் கையெழுத்துப் போடுவதற்குப் புதிதாக எழுதுவதே மேல். அக்கா ஒத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

“காலைல கிழிச்சேன். சாயந்தரம் மருமக தானா வந்து காப்பிய வச்சுட்டுப் போறா. அந்தக் காப்பியக் கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா நமக்கு இம்புட்டு வேலை இல்லம்மா.”

கல்யாணப் பிரியாணி

அந்தத் துண்டுகளை அக்கா திரும்பப் பையில் அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஞானசெல்வம் சார் உள்ளே வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை அவரேதான். பெண் மெர்சி, ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், அதுவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். சாருக்கு வெட்கத்தில் காது சிவந்திருந்தது. எனக்கு ஏக சந்தோஷம். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

போனேன். சர்ச்சில் முன் வரிசையிலேயே உட்கார்ந்து, மோதிரம் மாற்றிக்கொண்டதைக் கண்ணாரப் பார்த்தேன். பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மோதிரத்தோடு கூடவே என்ன நடந்தது என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இது உங்களுக்குச் சிரிப்பாகத் தெரியலாம்; எனக்கு இன்றைக்கும் அந்தப் பிரியாணி நெஞ்சில் நிற்கிறது.

பந்தியில் ரூத் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பெண் பார்த்ததே அவள்தானாம். மெர்சிக்கு ரத்தப் பரிசோதனை செய்யப் போன இடத்தில் பழக்கம். என் இலையில் முட்டையை வைத்துக்கொண்டே சொன்னாள்: “அப்பாவக் கீழ தனியா உக்கார வச்சுட்டு மாடியில நான் மட்டும் குடும்பம் நடத்துனா நல்லாவா இருக்கு? அதான்க்கா, ஆன்ட்டியக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

மாடியில் வக்கீல் சொன்னது

நாலைந்து மாதம் கழித்து ஸ்டெல்லா என்று ஒரு கிளார்க் பெண் வந்தாள். கத்தோலிக்கக் குடும்பம், அடுத்த மாதம் கல்யாணம். தன் பேரில் இருக்கிற சின்ன மனையை அம்மாவுக்கு உயில் எழுதிவிட்டுக் கழுத்தை நீட்டலாம் என்பது அவள் திட்டம். எழுதி முடித்துவிட்டு, எதற்கும் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று மாடியில் இருக்கும் வக்கீல் திலகாவிடம் எடுத்துப் போனேன். திலகா என்னைவிடப் பத்து வயது சின்னவள், மூளை மட்டும் இருபது வயது பெரியது.

முதல் பக்கத்தைக்கூட அவள் திருப்பவில்லை. “கிறிஸ்டியன் பொண்ணுதானேக்கா? கல்யாணத்துக்கு முந்தி எழுதின உயில் கல்யாணம் ஆனதும் தானா ரத்து. முடிச்சுட்டு வந்து எழுதச் சொல்லுங்க. இந்துக்களுக்குத்தான் இது கிடையாது.”

என்னிடம் உயில் எழுத வருகிறவர்களில் முக்கால்வாசி இந்துக்கள். அவர்கள் நாலு கல்யாணம் செய்தாலும் உயில் அசையாது. அந்தப் பழக்கத்தில் இந்தச் சட்டத்தை எப்போதோ படித்து, எப்போதோ மறந்து போயிருந்தேன். திலகா பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு முன் வரிசை நாற்காலியும், மோதிரமும், முட்டை வைத்த ரூத்தின் கையும்தான் தெரிந்தன. ரூத் தேடிக் கொண்டுவந்த கல்யாணமே அவளுக்கு எழுதிய உயிலைக் கொன்றுவிட்டது. சாட்சியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்த உயிலை எழுதிய நான்.

திலகா எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

ஸ்டெப் மார்க்

படியிறங்கியதும் சாருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: “நல்ல நேரத்துல கூப்பிட்டீங்கம்மா. இன்னும் பத்து நாள்ல எனக்கு பைபாஸ். இதயத்துல மூணு அடைப்பாம்.” நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். சார், உங்க கல்யாணத்தோட உங்க உயில் செல்லாமப் போச்சு. எனக்கு அன்னைக்கே தோணியிருக்கணும், தோணல. இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். வீட்டில் பாதி மெர்சி அம்மாவுக்கு, மீதிப் பாதி தூத்துக்குடியில் இருக்கும் உங்கள் தம்பிக்கு என்றேன். ரூத்தை ‘அந்தப் பிள்ளை’ என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி அவர் தம்பி இதுவரை கூப்பிட்டதில்லை. ரூத்துக்கு என்று சார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் விடை தெரியும்.

புதுசா எழுதிடலாம் சார், ஒரு நாள் வேலை என்றேன். சரியாகப் போட்ட கணக்கை எதற்காக அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், அதையே எழுப்ப வழியில்லையா என்றார். இருக்கிறது. பழைய உயிலையே திரும்பச் செல்ல வைக்கிறேன் என்று சொல்லி ஓர் இணைப்பு உயில் எழுதலாம். அதற்கும் உயில் மாதிரியே கையெழுத்து, இரண்டு சாட்சி. அப்படியே செய்வோம் என்றார். நான் மறுபடியும் என் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டேன்.  அவர் சிரித்தார்.

“விடை தப்புதான்மா. ஆனா நீங்களே கண்டுபிடிச்சுச் சொன்னீங்கள்ல, ஸ்டெப் மார்க் உண்டு.”

சிவப்பு மை

மூன்று நாள் கழித்து வாட்ஸப்பில் சாரிடமிருந்து போட்டோக்கள் வந்தன. பெரிதாக்கிப் பார்த்த நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பழைய உயிலின் அசலை எடுத்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோலப் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். ‘மனைவி காலமாகிவிட்டார்’ என்பதற்குப் பக்கத்தில் ‘தற்போது மெர்சி’. விலாசத்துக்கு ஒரு டிக். சொத்து விவரத்துக்கு ஒரு டிக். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் சுருக்கொப்பமும் தேதியும். மொத்த மார்க் மட்டும்தான் போடவில்லை.

உடனே கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். உயிலில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பக்கத்தில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சியும் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் செல்லாது சார். செத்துப்போன உயிலுக்கு எதுக்கு சார் இந்த மேக்கப்? அவர் வகுப்பில் திட்டு வாங்குகிற பையன் மாதிரிப் பேசாமல் கேட்டுக்கொண்டார். இணைப்பு உயிலில், இந்தச் சிவப்பு எழுத்து எதுவும் உயிலில் சேராது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் நானே இறங்கி வந்தேன்.

ஒரே ஓர் இடம்தான் எனக்குப் புரியவில்லை. வீடு ரூத்துக்கு என்கிற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், ‘மெர்சி, பாதி?’ என்று எழுதி, கேள்விக்குறியை மட்டும் இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தார். அது என்ன என்று கேட்டேன். பாதி கொடுத்தால் என்றைக்காவது வீட்டை விற்றுப் பிரிக்க வேண்டிவரும், ரூத் வெளியே போக வேண்டும். ஒன்றுமே கொடுக்காவிட்டால், தன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் கூட்டி வந்ததாக மெர்சி நினைத்துவிடுவாளே என்பது அவர் பயம். இன்னும் ஒரு வாரத்தில் நெஞ்சைப் பிளக்கப் போகிற மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கவலைப்படவில்லை.

“முப்பத்தஞ்சு வருஷம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கினேன்மா. இந்த ஒரு கேள்விய மெர்சிகிட்டக் கேக்க வாய் வரல.”

ஸ்பீக்கர் போன்

மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே மெர்சி அம்மா வாசலில் நின்றிருந்தார். பேச்சில் சுற்றுவழி இல்லாத மனுஷி. நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து அந்த உயிலை எடுத்து மேஜையில் வைத்தார். ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கும்போது சாரின் சட்டைகளுக்கு அடியில் கிடைத்ததாம்.

ஒருவர் உயிலைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னார்: “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சாருக்குக் காது மந்தம், போன ஸ்பீக்கர்லதான் போடுவாரு. நீங்க ரெண்டு தடவை பேசினது அம்புட்டும் சமையக்கட்டுல நின்னு கேட்டுட்டேன்.” உயிலை என் பக்கமாகத் தள்ளினார். “நான் மோதிரம் போட்டதுல அந்தப் புள்ளைக்கு வீடு போச்சு. அப்படித்தானே?”

அம்மா, இது யார் தப்பும் இல்லை, சரிபண்ணிவிடலாம் என்றேன்.  பாதியும் வேண்டாம் கால்வாசியும் வேண்டாம், பென்ஷன் வருகிறது, கண்ணை மூடுகிற வரைக்கும் இருக்க அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தால் போதும் என்றார். இதை நீங்கள் சாரிடம் நேரில் சொல்ல வேண்டும், என்னிடம் சொன்னால் ஆகாது என்றேன். அவர் உயிலைத் திருப்பி அந்த ஓரத்தைக் காட்டினார். கேள்விக்குறிக்குக் கீழே, வேறு கையெழுத்தில், சிவப்பு மையில், ‘வேண்டாம். ஒரு ரூம் போதும்.’ எனக்கு அழுவதா, தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

“அவரு ரெட் இங்க்ல கேட்டு வச்சிருந்தாரு. அதான் நானும் அவரு பேனாவையே எடுத்து ரெட் இங்க்ல பதில் போட்டேன். படிச்சுட்டு, நேத்து ராத்திரி ஒரு டிக் போட்டாரு பாருங்க.”

ரெண்டு சாட்சி

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் இணைப்பு உயில் தயார். பழைய உயிலைத் திரும்பச் செல்ல வைக்கிறேன், சிவப்பு எழுத்துகள் எதுவும் அதில் சேராது, வீடு மகள் ரூத்துக்கு, கீழ்த்தளத்தில் தெற்கு அறையில் மனைவி மெர்சி ஆயுள் முழுக்க இருக்கலாம். திலகா படித்துவிட்டு, “புதுசா எழுதுறதுதான் சுத்தம். ஆனா இதுவும் செல்லும்க்கா” என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். ரூத்துக்கு எதுவும் தெரிய வேண்டாம், ஆபரேஷன் பயமே அவளுக்குப் போதும் என்று சார் சொல்லியிருந்தார்.

சாரும் மெர்சி அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கூடவே சாட்சிக் கையெழுத்துப் போட ரூத்தின் வீட்டுக்காரர் அன்பு. நல்ல பிள்ளை, பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். “வைங்க தம்பி கீழ” என்று நான் போட்ட சத்தத்தில் பேனா உருண்டு போனது. கிறிஸ்தவர் உயிலில், சொத்து வாங்குகிறவரோ அவர் கணவரோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதிய சொத்து செல்லாது. இன்னும் ஒரு வினாடி போயிருந்தால் ரூத்தின் வீடு இரண்டாவது தடவையும் கைவிட்டுப் போயிருக்கும், அதுவும் அவள் புருஷன் கையாலேயே. இந்த முறை எனக்கு ஞாபகம் இருந்தது. பிரியாணிக் கடனில் பாதி தீர்ந்தது.

மெர்சி அம்மாவும் கையெழுத்துப் போட முடியாது. ஒரு சாட்சி நான், இன்னொன்றுக்கு எங்கே போவது என்று தெருவை எட்டிப் பார்த்தால், தோளில் துண்டோடு செல்லாண்டி அண்ணன் வந்துகொண்டிருக்கிறார். சோளம் அறுத்தாயிற்று, ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்துவிட்டார். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை வரச் சொன்னாராம், அவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். அவருக்கும் ஓர் ஆள் குறை, எங்களுக்கும் ஓர் ஆள் குறை. எல்லோரையும் உட்கார வைத்தேன். சார் கையெழுத்துப் போட்டார், நானும் செல்லாண்டி அண்ணனும் சாட்சி. அடுத்து செல்லாண்டி அண்ணன் போட்டார், நானும் சாரும் சாட்சி. ரத்துப் பத்திரத்தை வாங்கிப் படித்த சாரின் கை, பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை மெர்சி அம்மா வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது, கை வெறுமனே திரும்பி வந்தது.

விஷயத்தைக் கேட்ட செல்லாண்டி அண்ணன் என் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் உசுரோட இருக்கதக் கொல்ல வந்தேன், இவரு செத்தத எழுப்ப வந்திருக்காரு. ரெண்டுக்கும் ஒரே பேனாதானா தாயி?”

தெற்கு அறை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு நான் ஒரு கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர் பேரை விற்கிறவர் இடத்தில் அடித்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். சாயந்தரம் மெர்சி அம்மா போன் செய்து, “சாப்பிட்டாரு, பக்கத்து பெட்காரர் பேரனோட கணக்கு நோட்ட வாங்கிப் பாத்துக்கிட்டு இருக்காரு” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் ரூத் வேகமாக உள்ளே வந்தாள். கையில் இணைப்பு உயிலின் நகல். பின்னாலேயே மெலிந்துபோன சார், அவர் கையைப் பிடித்தபடி மெர்சி அம்மா. அப்பா இப்போது தேறிவிட்டார், இனி தெரிந்தால் பரவாயில்லை என்று அன்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். வீடு தன் கையைவிட்டுப் போக இருந்ததற்காகத்தான் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் பங்குக்குத் திட்டு வாங்கத் தயாராகி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாளை விரித்து, நான் அவ்வளவு கவனமாக எழுதிய அந்தத் தெற்கு அறை வரியில் விரலை வைத்தாள். அதை மாற்றி இன்னோர் இணைப்பு உயில் எழுத வேண்டுமாம், இப்போதே. சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெர்சி அம்மா கைக்குட்டையைத் தேடிப் பையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“கீழ்த்தளத்துல தெற்கு ரூம்னு மட்டும் எழுதிருக்கீங்க. அப்ப எங்கம்மா சமையக்கட்டுக்கு வரணும்னா சுவரேறிக் குதிக்கணுமாக்கா? வீடு முழுக்கன்னு போடுங்க.”

இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஓர் உயிலைக் கொல்ல ஒரு மோதிரம் போதும், அதைத் திரும்ப எழுப்ப ஒரு குடும்பம், இரண்டு சாட்சி, வாத்தியார் வருகிற நாளில் ஆபீஸிலிருக்கும் சிவப்புப் பேனாவையெல்லாம் ஒளித்து வைக்கிற ஒரு பத்திர எழுத்தர், இத்தனையும் வேண்டும்.